கதை சொல்லும் தொழில்: கரிசல் நாட்டிலும் தென்பாண்டியிலும் வில்லுப்பாட்டுப் புலவர்

1. முன்னுரை

தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுந்தோர் நூலை இயற்றியவர் யாவர் என்று ஆராய்ந்த அளவிற்கு, அதனை ஊர்தோறும் சென்று எடுத்துரைத்தவர் யாவர் என்று ஆராய்ந்திலர். ஏட்டில் எழுதப்பெற்ற காப்பியங்களைப் பொறுத்தவரை இக்குறை பெரிதன்று. தென்பாண்டி நாட்டுக் கதைப்பாடல்களைப் பொறுத்தவரையிலோ இஃது ஆராய்ச்சியின் அடிப்படையையே பிறழச் செய்கின்றது. அவற்றை ஆசிரியர் பெயர் அறியப்படாதவை என்னும் தலைப்பின்கீழ் அடக்கி, மக்கள் தாமே பாடிக்கொண்டவை என்று கூறி அமைவது வழக்கமாயிற்று. தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் அக்கூற்றுப் பொருந்தும். இரவு முழுதும் நீளும் வில்லுப்பாட்டுக் கதைக்கு அது பொருந்தாது. அக்கதையைப் பாடினோர் அதற்கெனப் பயின்றோர்; அச்சாரம் பெற்று வந்தோர்; பாடி முடித்துக் கூலி பெற்றுச் சென்றோர். சுருங்கக் கூறின், கதை சொல்லுதலைத் தொழிலாகக் கொண்டோர்.

அத்தொழிலின் நிலைமைகள் கதைப்பாடலின் வடிவத்தை எவ்வாறு உருவாக்கின என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். ஆய்வுக்குரிய நிலம் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்கள் சூழ்ந்த பகுதியாகும். பழைய இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி 1985-இல் தனி மாவட்டமாயிற்று. வில்லுப்பாட்டின் தாய்நிலம் இதற்குத் தெற்கே, நெல்லைச் சீமையும் நாஞ்சில் நாடும் ஆகும். கரிசல் நாடு அதன் வடவெல்லையாக அமைந்தது. ஆகவே சான்று வேண்டுமிடத்து நாம் தெற்கு நோக்கிச் செல்லுதல் தவிர்க்க இயலாதது.

2. பழைய மரபும் அதன் எல்லையும்

பரிசில் பெற்றுப் பாடியும் உரைத்தும் வாழ்ந்த பாணரும் பொருநரும் சங்க நூல்களில் வருகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழங் கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்து இசைக்கின்றான். உரையொடு கூடிய பழங்கதையைத் தொன்மை எனத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கின்றது. உரையும் பாட்டும் விரவி வருதல் வில்லுப்பாட்டின் இயல்பாதலால், இவற்றை ஒருங்கே வைத்து, இன்றைய வில்லுப்பாட்டு அன்றைய வில்யாழின் நேர்வழித் தோன்றல் என்று நிறுவ முயல்வாரும் உளர்.

அம்முடிபிற்கு இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தொடர்ச்சியான சான்று இல்லை. ஆயனின் வில்யாழ் தனித்திருந்து இசைக்கும் கருவி. இன்றைய வில்லோ ஊர்கூடிய அவையில் தெய்வத்தின் முன் வைக்கப்படுவது. பழமை காட்டும் ஆர்வத்தால் தொழிலின் தன்மையை மறந்துவிடுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. பாணர்க்கும் வில்லுப்பாட்டுப் புலவர்க்கும் உள்ள உண்மையான ஒற்றுமை கருவியில் இல்லை. கேட்போர் கொடுக்கும் பொருளால் வாழ்ந்தமையில் உளது. ஒருவன் கொடுத்தான், பாணன் பாடினான். ஊர் கொடுத்தது, புலவர் பாடினார். கொடுப்போர் மாறவே பாடுபொருளும் மாறிற்று. மன்னனின் வெற்றி நின்ற இடத்தில் ஊர்த்தெய்வமாகிவிட்ட மனிதரின் சாவு வந்து நின்றது.

3. நிலமும் கொடையும்

கரிசல் நிலம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தமையால் தென்மேற்குப் பருவமழை இங்கே சிறிதளவே பெய்யும். புரட்டாசி ஐப்பசியில் விதைத்த சோளமும் கம்பும் தை மாசியில் வீடு வரும். பருத்தி அதனை ஒட்டி எடுக்கப்படும். கையில் பொருளும் வேலையில் ஓய்வும் ஒருங்கே வாய்ப்பது அதன் பின்னரே. விருதுநகர் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கலும், சிவகாசி பத்திரகாளியம்மனுக்குச் சித்திரைத் திருவிழாவும் அமைந்தமை இவ்வேளாண்மைக் கணக்கோடு இயைவது நோக்கத்தக்கது. கதை சொல்வோரின் தொழிற்பருவமும் அதனோடு இயைந்ததே.

சிறுதெய்வங்களுக்கு எடுக்கும் விழா தெற்கே கொடை எனப்படும். கோயிலுக்குரிய குடும்பங்கள் தலைக்கட்டு வரி கொடுக்க, அவ்வரியிலிருந்து பந்தல், மேளம், படையல், வில்லுப்பாட்டு ஆகிய செலவுகள் நிறைவேறும். புலவர்க்குக் கொடுக்கப்படும் கூலி ஒரு செல்வரின் வள்ளன்மையன்று. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைக் கொடுத்த பொதுப்பணம். ஆகவே கதையைக் கேட்க ஒவ்வொருவர்க்கும் உரிமையுண்டு. கதை பிழைத்தால் கேள்வி கேட்கவும் உரிமையுண்டு.

இதற்கு மாறான அமைப்பு ஒன்றை இதே மாவட்டத்தில் காண்கின்றோம். திருவில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர்கள் நாலாயிரப் பாசுரங்களை இசைத்தும் அவிநயித்தும் உரை கூறியும் வருகின்றனர். அவர்தம் பணி பரம்பரை உரிமை, இடம் பெருங்கோயில், பாடம் மறையெனப் போற்றப்படுவது. ஆதலின் அரையர் ஓர் எழுத்தையும் மாற்றார். வில்லுப்பாட்டுப் புலவர்க்கு அத்தகைய காப்பும் இல்லை, அத்தகைய தளையும் இல்லை. பரம்பரை உரிமை இன்மையால் பல குலத்தாரும் இத்தொழிலிற் புகுந்தனர். பெண்கள் தலைமையேற்கும் குழுக்களும் தோன்றின. தெற்கே கணியான் கூத்து ஒரு குலத்தார்க்கே உரிய சடங்குத் தொழிலாய் நிற்பதையும் ஒப்பிட்டுக் காண்க. கதை சொல்லும் தொழில் என்பது ஒரே தன்மையதன்று. யார் கொடுக்கின்றனர், எதற்காகக் கொடுக்கின்றனர் என்பதனைப் பொறுத்து அது வேறுபடும்.

4. குழுவும் இரவின் ஒழுங்கும்

வில்லுப்பாட்டுக் குழுவின் நடுவே நீண்ட வில் குடத்தின்மேல் பொருத்தி வைக்கப்படும். வில்லில் மணிகள் தொங்கும். தலைவராகிய புலவர் வீசுகோல் இரண்டினால் நாணைத் தட்டிப் பாடுவார். குடம் அடிப்பவர், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றை இசைப்போர், பின்பாட்டுப் பாடுவோர் ஆகியோர் சூழ்ந்திருப்பர். புலவர் உரைநடையிற் கூறும்போது குழுவிலொருவர் ஆமாம் போட்டு, கேட்போர் மனத்தில் எழும் வினாக்களைத் தாமே கேட்டுக் கதையை நகர்த்துவார். இவர் கதையில் வரும் மாந்தரல்லர், கேட்போரின் சார்பாளர். உரையாடலாக விரியும் இப்பகுதியே ஊருக்கு ஊர் மிகுதியும் வேறுபடுவது.

காப்பு, குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழி என்பது பாடும் ஒழுங்கு. இவ்வொழுங்கு காப்பிய மரபை நினைவூட்டுவது உண்மையே. ஆயினும் இதன் பயன் வேறு. முன்னிரவில் கூட்டம் வந்து சேரும்வரை காப்பும் வணக்கமும் நீளும். நாட்டுவளத்தில் கதைக்குரிய நாட்டின் வளத்தோடு அழைத்த ஊரின் பெருமையும் புகும். இடையிடையே அன்பளிப்புக் கொடுத்தோர் பெயர் சொல்லி வாழ்த்தப்பெறும். அச்சிட்ட நூலில் இவ்வாழ்த்துகளைக் காணோம். பதிப்பாசிரியர் அவற்றைக் கதைக்குப் புறம்பானவை என்று நீக்கிவிடுவர். தொழில்நோக்கில் அவை புறம்பானவையல்ல.

புலவரின் தொழிற்றிறம் மிகுதியும் வெளிப்படுவது நள்ளிரவில் ஆகும். நாஞ்சில் நாட்டில் 1970-களின் பிற்பகுதியில் களப்பணி செய்து 1988-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், வில்லுப்பாட்டுக் கதைகளைத் தெய்வப் பிறப்புடையோர் கதை, கொலையுண்டு அல்லது அகாலத்தில் இறந்து தெய்வமானோர் கதை என இரண்டாகப் பகுத்தார். கதையின் உச்சமாகிய பிறப்போ இறப்போ பாடப்படும் வேளையில் பூசையும் நடைபெறும். கோமரத்தாடி மீது தெய்வம் வந்தாடும். இவை ஒரே வேளையில் நிகழுமாறு கதையை நீட்டியும் சுருக்கியும் கொண்டு சேர்த்தல் புலவரின் கடன். பூசை தாழ்த்தால் கதை நீளும். பூசை முந்தினால் ஒரு போர்க்களமே இரண்டு அடியில் முடிந்துவிடும். இதனை அறியாதவர் இருவேறு பாடங்களை ஒப்பிட்டு, ஒன்றைச் சிதைந்தது என்றும் மற்றொன்றை முழுமையுடையது என்றும் முடிவு கட்டுவர்.

5. கூலி பாடத்தை மாற்றியவாறு

முத்துப்பட்டன் கதை இதற்குத் தக்க சான்று. அந்தணனாகிய முத்துப்பட்டன் வாலப்பகடையின் மக்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் காதலித்து, தன் குலத்தை விடுத்து மணந்து, மாமனின் ஆநிரையைக் காக்கும் போரில் இறந்தான் என்பது கதை. பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்னும் பெயரால் அவன் வழிபடப்படுகின்றான். அவனுக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துவது வழக்கம். இக்கதையில் அப்பெண்கள் பிறப்பால் அந்தணர் என்றும், காட்டிற் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்றும் கூறும் வடிவம் ஒன்று வழங்குகின்றது. இது பிற்காலத்தில் மேற்குலத்தார் மனம் கோணாதிருக்கச் சேர்க்கப்பட்டது என்பது நா. வானமாமலை (1917–1980) கொண்ட கருத்து. அவர் பதிப்பித்த கதைப்பாடல்களை மதுரைப் பல்கலைக்கழகம் 1970-களின் முற்பகுதியில் வெளியிட்டமை இத்துறைக்கு அடித்தளமாயிற்று.

வானமாமலை இம்மாற்றத்தைச் சமுதாயப் போராட்டத்தின் விளைவாகக் கண்டார். அது சரியே. அதனோடு தொழிலின் காரணத்தையும் சேர்த்துக் காணல் வேண்டும். இன்று ஓர் ஊரிலும் நாளை மற்றோர் ஊரிலும் பாடி வாழ்பவர் இரண்டு ஊரின் மனத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓர் ஊர் பெருமையாகக் கருதும் மணத்தை மற்றோர் ஊர் இழிவாகக் கருதுமாயின், கதையைக் கைவிடாமல் இரண்டிடத்தும் பாடுதற்கு ஒரு வழி காண வேண்டியவர் அவரே. செருப்புக் காணிக்கை அப்படியே நிற்கின்றது. பிறப்புப் பற்றிய செய்தி மட்டும் மாறுகின்றது. சடங்கு ஊருடையது, அதில் புலவர் கைவைக்க இயலாது. உரை அவருடையது, அதில் இயலும். மாற்றம் நிகழ்ந்த இடமே அதனைச் செய்தவரைக் காட்டிக்கொடுக்கின்றது.

ஏடுகளையும் இந்நோக்கில் காணவேண்டும். நாஞ்சில் நாட்டில் புலவர் தம்முன் ஏட்டை விரித்துவைத்துப் பாடும் வழக்கம் இருந்தது. ஏடு உண்டாதலின் இவர் கதைகள் வெறும் வாய்மொழியல்ல. பாடும்போது நீண்டும் சுருங்கியும் வருதலின் வெறும் எழுத்தும் அல்ல. தச்சனுக்கு உளிபோல் புலவர்க்கு ஏடு ஒரு தொழிற்கருவி. நூலகங்களிற் கிடைக்கும் கதைப்பாடல் ஏடுகளை நாம் முடிந்த நூல்களாகப் படிக்கின்றோம். அவை பாடுதற்கு எடுத்த குறிப்புகளாகவும் படிக்கத்தக்கன.

6. அர்ச்சுனாபுரத்து நல்லதங்காள்

தெற்கிலிருந்து மீண்டும் கரிசல் நாட்டிற்கு வருவோம். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. பஞ்சத்தால் வாடி, ஏழு குழந்தைகளுடன் தமையன் நல்லதம்பியின் ஊராகிய இவ்வூருக்கு வந்த நல்லதங்காள், தமையன் இல்லாத வேளையில் அண்ணி மூளி அலங்காரியால் இழிவுபடுத்தப்பட்டு, குழந்தைகளைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்தாள் என்பது கதை.

மழைமறைவு நிலத்தில் இக்கதை வேரூன்றியமைக்குக் காரணம் தேடவேண்டுவதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் நினைவு பல தலைமுறைகள் நீடித்தது. ஆனால் கதை பஞ்சத்தைப் பற்றியது மட்டுமன்று. பஞ்சத்தில் அடைக்கலம் தரவேண்டிய பிறந்த வீடு கதவடைத்தது என்பதே அதன் நெஞ்சு. மழை பொய்த்தலை எவரும் தடுக்க இயலாது; கதவடைத்தலைத் தடுக்க இயலும். அதனால்தான் கேட்போர் மழையைப் பழியாது மூளி அலங்காரியைப் பழித்தனர். உடன்பிறந்தாளுக்குச் செய்யவேண்டிய கடனை ஊரவையில் நினைவூட்டும் பணியை இக்கதை செய்தது.

இக்கதை சென்னையில் அச்சான பெரிய எழுத்துப் பதிப்புகளால் தமிழகமெங்கும் பரவிற்று. அச்சு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. கதை அழியாமற் காத்தது நன்மை. நூலை விலைக்கு வாங்கிய எவரும் அதனைப் படித்துக் காட்ட இயன்றமையால், கதை தெரிந்தவர் என்னும் புலவரின் தனியுரிமை தளர்ந்தது தீமை. எனினும் கதை தெரிதல் வேறு, கதை சொல்லுதல் வேறு என்பதை ஊர் அறிந்திருந்தது. அச்சு நூலால் ஒரு பூசைக்குக் காத்திருக்க முடியாது. ஆகவே அச்சு வந்த பின்னும் நூறாண்டுக்குக் குறையாமல் தொழில் நின்றது.

7. தீப்பெட்டியும் இரவும்

தொழிலைத் தளரச் செய்தது அச்சன்று. இரவின் நீளம் குறைந்தமையே எனலாம். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று 1923-ஐ ஒட்டி ஊர் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து அச்சுத் தொழிலும், 1940-ஐ ஒட்டிப் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தன. மருந்தும் குச்சியும் காய்தற்கு வறண்ட காற்று வேண்டும். நல்லதங்காளைக் கிணற்றுக்குத் துரத்திய அதே வறட்சி சிவகாசிக்கு மூலதனமாயிற்று.

வேளாண்மையில் ஓய்வுக்காலம் உண்டு. துண்டுக்கூலிக்குச் செய்யும் தொழிற்சாலை வேலையில் அத்தகைய ஓய்வு அரிது. பட்டாசுக்குத் தீபாவளியே பருவம். அதற்காக ஏறத்தாழ ஆண்டு முழுதும் உழைக்கவேண்டும். பங்குனியும் சித்திரையும் மருந்து நன்கு காயும் மாதங்கள். பழைய ஓய்வுக்காலம் புதிய வேலைக்காலமாயிற்று. 1970-களிலும் 1980-களிலும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளின் பேருந்துகள் விடியுமுன்னரே சிற்றூர்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றதை அக்கால ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டது. அதன் பின்னர் அந்நிலை பெரிதும் மாறியது. ஆயினும் விடியும்வரை கதை கேட்டிருந்த ஊர் விடியுமுன் எழவேண்டிய ஊராக மாறியமை எளிய செய்தியன்று. திரைப்படமும் ஒலிபெருக்கியும் தொலைக்காட்சியும் கதையைக் கொன்றன என்று கூறுவது வழக்கம். அவை ஓய்வுநேரத்தைப் பங்கிட்டுக்கொண்டன; ஓய்வுநேரத்தையே சுருக்கியது வேலைமுறை. பின்னதே அடிப்படைக் காரணமெனக் கருத இடமுண்டு.

இதே நூற்றாண்டில் வில்லுப்பாட்டு நகரத்தில் புகழ் பெற்றது. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியிற் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957) அதனைத் திரையுலகம் அறியச் செய்தார். கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். நெல்லைச் சீமையில் 1928-இற் பிறந்த சுப்பு ஆறுமுகம் கலைவாணரின் துணையால் சென்னை வந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக வில்லிசை நிகழ்த்தி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022-இல் மறைந்தார். இவர்களால் கலை காக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கே கேட்போர் தலைக்கட்டு வரி கொடுத்தவர் அல்லர். மேடையும் வானொலியும் நேரத்தை அளந்து கொடுப்பன. தெய்வம் வந்தாடவேண்டிய கட்டாயமும் இல்லை. நீளம் போயிற்று, நகைச்சுவையும் அறிவுரையும் அவ்விடத்தை நிரப்பின. சேமிப்பு, எழுத்தறிவு, உடல்நலம் பற்றிய செய்திகளைப் பரப்ப வில் பயன்பட்டமை இம்மாற்றத்தின் தொடர்ச்சியே. கொடுப்போர் மாறினால் பாடம் மாறும் என்னும் விதி ஈண்டும் பிழைத்திலது.

8. ஸ்காட்லாந்து காட்டும் ஒப்புமை

இத்தொழிலின் வருங்காலத்தை எண்ணுவார்க்கு ஸ்காட்லாந்தின் வரலாறு பயன் தரும். அந்நாட்டு மலைப்பகுதியில் குலத்தலைவர்களைச் சார்ந்து குலவரலாறு உரைத்த மரபுரைஞர் பண்டு வாழ்ந்தனர். குலத்தலைவர் ஆட்சி 18-ஆம் நூற்றாண்டில் சிதைந்தபோது அவர்தம் தொழிலும் அழிந்தது. கதைகள் குடிசைகளின் கணப்படுப்பருகே கூலியின்றி வாழ்ந்தன. 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக மேல்மலைநாட்டுக் கதைகளை வெளியிட்ட கேம்பெல், கதை சொன்னவரின் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றையும் கதையோடு குறித்தார். எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் 1951-இல் ஸ்காட்டிய ஆய்வுப் பள்ளி நிறுவப்பட்டது. அதனைச் சேர்ந்த ஹேமிஷ் ஹெண்டர்சன், பழம் பறிக்கும் கூலிகளாக வந்து கூடாரமிட்டுத் தங்கிய நாடோடி மக்களிடம் கதைகளையும் பாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்தார். ஊரார் இழிவாக எண்ணிய அம்மக்களே நாட்டின் பெருஞ்செல்வத்தைக் காத்தவர் என்பது அதனால் தெளிவாயிற்று. அவருள் ஒருவராகிய டங்கன் வில்லியம்சன் (1928–2007) பிற்காலத்தில் பள்ளிகளிலும் விழாக்களிலும் கதை சொல்லிப் புகழ் பெற்றார். 2006-இல் எடின்பரோ நகரில் கதைசொல்லல் மையம் ஒன்று திறக்கப்பட்டது. பள்ளி, நூலகம், முதியோர் இல்லம் ஆகியவற்றிற்குச் சென்று ஊதியம் பெற்றுக் கதை சொல்வோர் அங்கே இன்று உளர்.

அங்கே அழிந்த தொழில் இருநூறாண்டு கழித்துப் புதிதாகப் படைக்கப்பட்டது. இங்கே தொழில் இன்னும் அறுபடவில்லை. கொடைவிழாக்களில் வில் ஒலிக்கின்றது. அறுந்ததை முடிவதினும் அறாததைப் பேணுதல் எளிது. அதற்கு முதற்கண் வேண்டுவது அது தொழில் என்பதை ஒப்புக்கொள்ளுதலே.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். தென்பாண்டிக் கதைப்பாடல்கள் தொழில்முறைப் புலவரால் உருவாக்கப்பட்டவை என்பது ஒன்று. அவற்றின் நீளம், ஒழுங்கு, பாடவேறுபாடு ஆகியவை அழைத்தவர் யார், பாடிய இரவு எத்தகையது என்பவற்றைச் சார்ந்தவை என்பது இரண்டு. அவற்றின் தளர்ச்சி சுவைமாற்றத்தினும் வேலைமுறை மாற்றத்தையே மிகுதியும் சார்ந்தது என்பது மூன்று.

இவை ஏற்கப்படுமாயின் கதைப்பாடல் தொகுக்கும் முறையிலும் மாற்றம் வேண்டும். ஆராய்ச்சி மாணவர் கொணரும் பனுவலோடு, எத்தெய்வத்திற்கு எடுத்த விழா, எவர் அழைத்தனர், எத்தனை நாழிகை பாடப்பட்டது, எப்பகுதி எக்காரணத்தால் விடப்பட்டது, கூலி யாது என்னும் செய்திகளும் இடம்பெறல் வேண்டும். பாடியவர் இசைந்தால் அவர் பெயர் நூலின் முகப்பில், பதிப்பாசிரியர் பெயருக்கு மேலே, வரல் வேண்டும். ஓரிரவுப் பாட்டுக்கு ஊர் கூலி கொடுக்கின்றது. அப்பாட்டைப் பதிவு செய்யும் பல்கலைக்கழகமும் கூலி கொடுத்தல் முறை. பெயரறியா ஆசிரியர் என்னும் பகுப்பு நம் நூற்பட்டியல்களில் நீண்டுகொண்டே போவதற்கு அவர்கள் பெயரற்றவராய் இருந்தமை காரணமன்று. நாம் கேளாதிருந்தமையே காரணம்.